நடுப்பகலில் நிற்கும் மாடு

சித்திரை வெயிலில் ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வளவின் பின்மூலையில் தகரம் போட்ட மாட்டுக்கொட்டில். பிற்பகல் இரண்டு மணி. உள்ளே ஒரு ஜேர்சிக் கலப்பினப் பசு கழுத்தை நீட்டி, வாயோரம் வீணீர் வடிய நின்றுகொண்டிருந்தது. "நல்ல சுறுசுறுப்பான மாடு, தம்பி. பகலில் படுக்கவே படுக்காது" என்றார் வீட்டுக்கார அக்கா. அடுத்த மூச்சிலேயே கவலையையும் சொன்னார். எட்டுப் போத்தல் கறந்த மாடு ஐந்துக்கு இறங்கிவிட்டதாம். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நாவூறுகூடக் கழித்துப் பார்த்துவிட்டார்.

அவர் மெச்சிக்கொண்ட பழக்கமும், அவரை வருத்திய பால் குறைவும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அந்த இடம் மாட்டின் வயிறு.

மாட்டின் முதல் இரைப்பை ஒரு நொதிக்கும் தொட்டி. பெரிய பசுவென்றால் நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும். வைக்கோலையும் குழையையும் உடைத்துச் சத்தாக்குவது மாடல்ல, அந்தத் தொட்டிக்குள் வாழும் கணக்கற்ற நுண்ணுயிர்கள். நொதிக்கும் எதுவும் சூடு கிளப்பும். விடியற்காலையில் எருக் குவியலைக் கிளறினால் ஆவி பறக்கிறதே, ஏறக்குறைய அதே வேலைதான் பசுவின் விலாவுக்குள்ளும் இருபத்துநான்கு மணி நேரமும் நடக்கிறது. போதாததற்குப் பால் சுரக்கும் வேலையும் வெப்பத்தை வெளிவிடும். கூடப் பால் தரும் மாடு கூடத் தின்னும், கூடத் தின்னும் மாடு கூடச் சூடாகும். அப்படியிருந்தும் உடல் வெப்பம் 38.5 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். ஒரு பாகை கூடினாலே அது மாட்டுக்குக் காய்ச்சல் கண்ட நிலைதான்.

இந்தச் சூடு வெளியேறும் வழிகள் சில. சுற்றியிருக்கும் காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானாக அதற்குப் போய்விடும். காற்றே சூடாகிவிட்டால் அந்தக் கதவு சாத்தப்படுகிறது. மிஞ்சுவது ஈரம் ஆவியாவது: தோலில் வியர்வை, மூச்சுக்காற்றில் நீராவி. ஆனால் மூன்று பக்கம் கடலும் உள்ளே களப்புமாக இருக்கும் யாழ்ப்பாணத்துக் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்த காற்று. அதற்குள் இன்னும் ஈரத்தை ஏற்றுவது கடினம். நமக்குப் புழுக்கம் என்று படுவது மாட்டுக்கும் புழுக்கம்தான்; அதற்கு விசிறிக்கொள்ளக் கையில்லை.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல ஆய்வாளர்கள் ஒரு சுட்டெண் வைத்திருக்கிறார்கள். முதலில் மனிதர்களின் புழுக்கத்தை அளக்க வந்த கணக்கு அது. பிறகு மாடுகளுக்கும் பொருத்தினார்கள். 72 ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சங்கடம் என்பது பழைய எல்லை. அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68 இலேயே பால் குறையத் தொடங்குகிறது என்று பின்னர் கண்டார்கள். நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 32 பாகை வெப்பம், நூற்றுக்கு 70 ஈரப்பதம் என்றால் சுட்டெண் 84. சரி, இரவில் ஆறிவிடாதா? 26 பாகை, நூற்றுக்கு 90 ஈரப்பதம் உள்ள ஓர் இரவுக்கும் கணக்கு 77 ஐத் தாண்டி நிற்கிறது. பகலில் ஏறிய சூட்டை இரவில் இறக்கிவைக்க அந்த மாட்டுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

இந்த எல்லைகள் அமெரிக்கப் பண்ணைகளில் நிறையப் பால் கறக்கும் ஹோல்ஸ்டீன் இன மாடுகளை வைத்து வந்தவை. நம் ஊர் மாடு அவ்வளவு எளிதில் தளராது. சிறிய உடம்பு, மெல்லிய மயிர், நன்றாக வியர்க்கும் தோல். பாலும் குறைவு என்பதால் உள்ளே அடுப்பும் சிறியது. ஜேர்சியும் ஹோல்ஸ்டீனைவிட வெயில் தாங்கும். கலப்பினப் பசு இவற்றுக்கு இடையில் எங்கோ நிற்கிறது. பாலுக்காக அடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டோம், புகைக்கூண்டைப் பெரிதாக்கவில்லை. அவ்வளவுதான் சிக்கல்.

சரி, ஏன் நிற்கிறது? படுத்தால் வயிறும் ஒரு பக்க விலாவும் தரையோடு ஒட்டிவிடும், காற்றுப் படும் இடம் குறையும். வெப்பமானிகளை மாட்டின் உடலுக்குள் பொருத்திப் பார்த்தபோது, படுத்திருக்கையில் உடல் வெப்பம் மெல்ல ஏறுவதும், ஓர் அளவு ஏறியதும் மாடு எழுந்துவிடுவதும், நின்றபிறகு இறங்குவதும் தெரியவந்தன. ஆக, அந்த அக்காவின் பசு சுறுசுறுப்பால் நிற்கவில்லை. படுக்க முடியாமல் நிற்கிறது.

படுக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். கறவை மாடு வசதி கிடைத்தால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்கும். தின்னவும் படுக்கவும் இரண்டுக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டு, எதை முதலில் பிடித்துக்கொள்கிறது என்று டென்மார்க்கில் பார்த்தார்கள். மாடு தீனியை விட்டுக்கொடுத்துப் படுக்கையைப் பிடித்துக்கொண்டது. பசியைவிட ஓய்வைப் பெரிதாக நினைக்கும் பிராணியை நாம் சோம்பேறி என்று குச்சியால் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறோம். அசைபோடுவதில் பெரும்பகுதி படுத்திருக்கும்போதுதான் நடக்கிறது. ஒரு லீற்றர் பால் உருவாக நானூறு ஐந்நூறு லீற்றர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். படுத்திருக்கும்போது அந்த ஓட்டம் ஏறத்தாழக் கால் பங்கு கூடுகிறது. படுத்த நேரத்தைப் பெருக்கினால் பால் அதே அளவு பெருகும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது, உடல் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. ஆனால் சீமெந்துத் தரையில் மணிக்கணக்காக நின்று நொண்டும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படாது.

பால் குறைவுக்கு நான் கேட்ட பொதுவான மருந்து, "புண்ணாக்கைக் கூட்டுங்கள்" என்பதுதான். வெயிலில் மாடு தின்பது குறைகிறது, அதனால் பால் குறைகிறது என்று ஆய்வாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு ஒரு சாமர்த்தியமான சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் மாடுகளைச் சூட்டில் வைத்து, அவை எவ்வளவு தின்கின்றனவோ அதே அளவை மட்டும் குளிர்ச்சியில் இருந்த இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்தார்கள். பசி இரண்டுக்கும் சமம், சூடு ஒன்றுக்கு மட்டும். குளிர்ச்சியில் இருந்தவற்றுக்கும் பால் குறைந்தது, ஆனால் அவ்வளவு அல்ல. சூட்டில் இருந்தவற்றின் இழப்பில் ஏறக்குறைய பாதியைத் தீனிக் குறைவால் விளக்கவே முடியவில்லை. காரணம் குளுக்கோசில் இருந்தது. பசியில் இருக்கும் மாடு உடம்புக் கொழுப்பைக் கரைத்துத் தன் செலவைப் பார்த்துக்கொண்டு, குளுக்கோசை மடிக்கு விட்டுவிடும். வெப்பத்தில் தவிக்கும் மாடு கொழுப்பைத் தொடாமல் குளுக்கோசைத் தானே எரிக்கிறது. பாலின் இனிப்பான லாக்டோஸ் குளுக்கோசிலிருந்து வருவது; பாலுக்குள் தண்ணீரை இழுத்து வருவதும் அந்த லாக்டோஸ்தான். அது குறைந்தால் பாலின் அளவே குறைகிறது. வாயோரம் வடியும் வீணீரும் வீண் செலவு: இரைப்பைப் புளிப்பை ஆற்ற வேண்டிய சோடாச் சத்து அதில் நிலத்தில் போகிறது. அந்த நிலையில் புண்ணாக்கையும் தவிட்டையும் கொட்டினால் புளிப்புத்தான் கூடும்.

இதற்கு ஊரிலேயே மருந்து இருக்கிறது. தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்தால் தகரம் கொதிப்பது குறையும். சோளகம் அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தைச் சாக்கால் மறைக்காமல் திறந்துவிடலாம். வேம்பும் பூவரசும் எந்தக் கூரையையும்விட நல்ல கூரை, இலை ஆவியாக்கும் நீரால் அந்த நிழலே குளிர்கிறது. தீனியின் பெரும்பகுதியை விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் போட்டால், நொதிப்பின் சூடு உச்சத்துக்கு வரும் நேரம் நண்பகலோடு மோதாது. மாட்டின் மேல் தண்ணீர் ஊற்றுவதும் நல்லதுதான், காற்றோட்டம் இருந்தால். காற்றில்லாத கொட்டிலில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

எல்லாவற்றிலும் மலிவானது குடிநீர். நம்மில் பலர் காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி கழுநீரோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு லீற்றர் பாலுக்கு மாடு மூன்று முதல் ஐந்து லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும், வெயிலில் அதற்கும் மேல். பாலே நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். தீவுப் பக்கம் கிணறு சவர்த்துப்போன வீடுகளில் நல்ல தண்ணீரை மனிதருக்கு வைத்துவிட்டுச் சவர்த் தண்ணீரை மாட்டுக்கு வைப்பது வழக்கம். குடும்பக் கஷ்டம் புரிகிறது. ஆனால் மாடு குறைவாகக் குடித்தால் பாலும் குறைவாகத்தான் வரும்.

இதெல்லாம் ஆய்விதழ்களில் ஆங்கிலத்தில் கிடக்கிறது. நூற்றுக்கணக்கான மாடுகள் நிற்கும் பண்ணைக்கு எழுதியதை, கிளுவை வேலிக்குள் இரண்டு மாடு கட்டியிருப்பவரிடம் எப்படிக் கொண்டுபோவது? மண்டபத்தில் கூட்டம் கூட்டி, திரையில் படம் காட்டி, வடையும் தேநீரும் கொடுத்து அனுப்பும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1989 இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகள் வேறு வழி காட்டின: விவசாயியே வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணி, தானே முடிவெடுப்பது. அதைப் பார்த்து டென்மார்க்கில் பால் பண்ணையாளர்கள் கொட்டில் பள்ளி நடத்தினார்கள். ஐந்தாறு பேர் முறைவைத்து ஒருவர் பண்ணைக்கு மற்றவர்கள் போவார்கள். வீட்டுக்காரர் தன் வெற்றி ஒன்றையும் தன் தொல்லை இரண்டையும் காட்ட வேண்டும். வழிநடத்துபவர் அறிவுரை சொல்லக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி அந்தக் கடைசி விதிதான். நானே அதைக் காப்பாற்றுவது அரிது.

அன்றும் நான் நிறையப் பேசிவிட்டேன். அக்கா மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் புத்தி வந்து, கைபேசியில் அரை நிமிடம் ஓடவிட்டு, விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று அவரையே எண்ணச் சொன்னேன். நிமிடத்துக்கு 60 ஐத் தாண்டினால் மாடு சூட்டோடு போராடுகிறது என்பது கணக்கு. "நாற்பத்திரண்டு" என்றார். இரட்டித்துக்கொண்டு ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு கயிற்றை அவிழ்த்து, மாட்டைக் கிணற்றடி வேம்பின் கீழே கட்டி, தொட்டி நிறையத் தண்ணீர் அள்ளி ஊற்றினார்.

அடுத்த வாரம் அவரே தொலைபேசியில் வந்தார். வேம்பின் கீழே மாடு மத்தியானம் படுக்கிறதாம், பால் ஆறரைப் போத்தலாம். "அது இருக்கட்டும், தம்பி" என்று குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வீட்டு மாட்டை வேலிக்கு மேலால் எண்ணினேன். தொண்ணூறு! அந்த மனுசனிடம் நான் எப்படிச் சொல்வது?"