மின்தடை: சொல்லும் கணக்கும்

செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்று படித்தால், காலையிலேயே தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைத்துக்கொள்கிறோம். பள்ளி அறிவியல் புத்தகத்திலும் அதே சொல் வருகிறது, வேறு பொருளில். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியோ கருவியோ அந்த ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்புக்கு அங்கே மின்தடை என்று பெயர். எலக்ட்ரீஷியன் ரெசிஸ்டன்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு வேலை கொடுத்திருப்பது மாணவர்களைக் குழப்புகிறது. மின்சாரம் நிறுத்தப்படுவதைச் சொல்ல மின்வெட்டு, மின்நிறுத்தம் என்று தெளிவான சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. செய்திக்கு அவை போதும். மின்தடையை இயற்பியலுக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதற்குச் சொல்லின் வரலாற்றிலேயே காரணம் உண்டு.

கொடு என்பதிலிருந்து கொடை, விடு என்பதிலிருந்து விடை பிறந்தது போலத் தடு என்னும் வினையிலிருந்து தடை பிறந்தது. ஒரு கருத்தின்மேல் எழுப்பும் மறுப்பைத் தடை என்றும், அதற்குச் சொல்லும் பதிலை விடை என்றும் வழங்குவது பழைய உரை மரபு. தடை எழுந்ததும் வாதம் அங்கேயே நின்றுவிடாது. மறுப்பைத் தாங்கிக்கொண்டு மேலே செல்லும். கம்பிக்குள் நடப்பதும் அதுதான். மின்னோட்டம் முற்றாக நிற்பதில்லை, எதிர்ப்புக்கு ஏற்பக் குறைகிறது. ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லின் லத்தீன் வேரும் 'எதிர்த்து நில்' என்ற பொருளைத்தான் தருகிறது. முன்னால் நிற்கும் 'மின்' நமக்கு வானத்து மின்னலிலிருந்து வந்தது. ஐரோப்பிய மொழிகளின் எலக்ட்ரிக், தேய்த்தால் துரும்பை இழுக்கும் அம்பர் பிசினின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது.

இலங்கைப் பாடநூல்களில் வெறுமனே தடை என்றே எழுதுவார்கள். சர்க்யூட்டில் பொருத்தும் ரெசிஸ்டர் அங்கே தடையி. தமிழ்நாட்டில் அதை மின்தடையாக்கி என்கிறார்கள். எனக்குத் தடையி பிடித்திருக்கிறது. வாயில் எளிதாக வரும், எழுதவும் சின்னது.

மின்தடையை அளக்கும் அலகு ஓம். அது ஓர் ஆளின் பெயர் என்பதால் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கியோர்க் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அன்றைய மின்கலங்களின் மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ், நிலையாக நிற்காததால் அவருடைய அளவீடுகள் தடுமாறின. பிறகு செம்பும் பிஸ்மத்தும் சேர்த்த வெப்ப இணையை எடுத்தார். இரண்டு உலோகங்கள் சேரும் முனைகளில் ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் மின்சாரம் தரும் அமைப்பு அது. அதன் ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலைகளும் மாறாதவை என்பதால் அழுத்தமும் மாறவில்லை. அதன் பிறகே கணக்கு ஒழுங்காக வந்தது. 1827இல் புத்தகமாக வெளியிட்டார். அதன் சமன்பாட்டில் இன்று நாம் தடை என்று எழுதும் இடத்தில் அவர் வைத்தது ஒரு நீளத்தை. பல வகைக் கம்பிகளை ஒரே கம்பியின் நீளமாக மாற்றிச் சொன்ன அளவு அது. சொந்த நாட்டில் வரவேற்பு குறைவுதான். 1841இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. அலகின் குறி கிரேக்க எழுத்தான ஒமேகா, Ω.

சரி, கணக்குக்கு வருவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 230 வோல்ட்டில் ஓர் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் எடுக்கிறது என்றால், அதன் தடை சுமார் 53 ஓம், திறன் சுமார் 1000 வாட்.

திறன் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அது ஒரு நொடியில் செலவாகும் ஆற்றலின் அளவு. கரண்ட் பில்லில் வரும் யூனிட் திறன் அல்ல, ஆற்றல். 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் சூடேறினால் ஒரு யூனிட். இலங்கையில் திறனை வலு என்றும் ஆற்றலைச் சக்தி என்றும் எழுதுவதால், இரு நாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கு வீட்டிலேயே பயன்படும். 2000 வாட் கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டில் அதைச் செருகக் கூடாது என்பது இங்கேயே தெரிந்துவிடும், 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும். 230ஐ 8.7ஆல் வகுத்தால் தடை சுமார் 26.4 ஓம். இப்போது வோல்டேஜ் 180க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுருளின் தடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே மின்னோட்டம் 6.8 ஆம்பியராகிறது, திறன் 1225 வாட்டுக்கு விழுகிறது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே குறைய, சூடு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். லோ வோல்டேஜ் நாளில் தண்ணீர் சூடாக ஏன் அவ்வளவு நேரமாகிறது என்பதற்கு விடை இது.

எல்லாக் கருவிக்கும் இந்த வகுத்தல் இவ்வளவு நேராகப் பொருந்தாது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான் காட்டும். பல்பு பழுதில்லை. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் தடையும் ஏறுகிறது. மின்விசிறி, மிக்ஸி மோட்டார்களில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. அவற்றைப் பெருக்கிய பிறகு திறன் காரணி என்ற எண்ணாலும் பெருக்கினால்தான் உண்மையான வாட் கிடைக்கும்.