டீசல் ஊறிய மண்ணுக்கு மூச்சு வேண்டும்

மும்பை வடாலாவில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் போன வாரம் ஒரு பிளாஸ்டிக் பையில் மண்ணோடு வந்தார். தரையைப் புதிதாகப் போடத் தோண்டியபோது முழ ஆழத்துக்கு மண் கறுப்பாக வந்திருக்கிறது. பையைப் பிரித்ததும் டீசல் நெடி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தாமரை இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது, உள்ளே இறங்கவே இல்லை.

“தம்பி, இதைத் தேவ்னார் குப்பைமேட்டுல கொட்டிரலாமா? இல்ல, சாணியைக் கரைச்சு ஊத்தினா சரியாயிருமா?” என்று கேட்டார்.

கொட்டக் கூடாது. 1927 முதல் குப்பை சேரும் அந்த மேட்டின் அடியில் காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் டீசல் சிதைய வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் மழைத்தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய அப்படியொரு பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம் நாட்டில் டெரி (TERI) என்ற ஆராய்ச்சி நிறுவனம், ஐந்து வகை பாக்டீரியாக்களை மக்காச்சோளக் கதிர்த்தண்டுப் பொடியில் ஏற்றி ‘ஆயில்ஜாப்பர்’ என்று தயாரித்தது. சரி, அவை எப்படித் தின்கின்றன? எனக்கு அலுக்காத இடம் இதுதான்.

டீசலில் உள்ள மூலக்கூறுகளில் முக்கியமான ஒரு வகை, கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. சுற்றிலும் ஹைட்ரஜன், வேறு எதுவும் இல்லை. வழுவழுவென்று எங்கும் பிடி கிடையாது. அடுப்பில் கொதிக்கும் பிடியில்லாத ஏனத்தை வெறுங்கையால் தூக்க முடியுமா? இடுக்கி வேண்டும். பாக்டீரியா முதலில் சோப்பு போன்ற ஒரு பொருளைக் கசியவிட்டு, எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கிறது. பிறகு அதன் நொதி ஒன்று காற்றிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்து இரண்டாகப் பிரிக்கிறது. ஓர் அணு தண்ணீராகிறது. இன்னொன்று சங்கிலியின் நுனியில் போய் உட்காருகிறது. அதுதான் இடுக்கி!

பிடி கிடைத்ததும் அந்த நுனி ஆல்கஹாலாகி, ஆல்டிஹைடாகி, கடைசியில் கொழுப்பு அமிலமாகிறது. பன்னிரண்டு கார்பன் கொண்ட சங்கிலி டீசலில் உண்டு. அது இப்படி மாறினால் கிடைப்பது லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான்! அண்ணாச்சியின் பட்டறை மண்ணில் இருந்த டீசல், அவர் வீட்டுத் தாளிப்பு எண்ணெய்க்கு உறவுக்காரனாகிவிடுகிறது. அப்புறம் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கி எரிக்க வேண்டியதுதான். நாம் சாப்பிட்ட எண்ணெயை நம் உடம்பும் இப்படித்தான் எரிக்கிறது.

இதற்கெல்லாம் ஆக்சிஜன் வேண்டும், அதுவும் நிறைய. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய மூன்றரை கிலோ ஆக்சிஜன். தாராவியில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் இருக்கும் காற்றில் பாதி அதற்குப் போதும். அதே ஆக்சிஜனைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோக நினைத்தால் நாலு லட்சம் லிட்டருக்கு மேல் தேவை. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் நாற்பதுக்கும் மேல்!

அதனால்தான் குப்பையை முறையாகப் புதைக்கும் நிலநிரப்பு இடங்களில் இந்த மண்ணைக் குப்பையோடு கலக்காமல், கசிவு தாங்கும் விரிப்பின்மேல் தனியாக ஆள் உயரத்துக்கு அம்பாரமாகக் குவிக்கிறார்கள். உள்ளே ஓட்டை போட்ட குழாய்களைப் படுக்கவைத்து, மின்விசிறிப் பொறியால் காற்றை இழுக்கிறார்கள். டீசலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லை என்பதால் உரம் சேர்க்கிறார்கள். மண் பிழிந்த துணிபோல ஈரமாக இருந்தால் போதும். துளைகளில் தண்ணீர் நிறைந்தால் காற்று நுழையாது, வேலை நின்றுவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மும்பையில் தார்ப்பாய் இல்லாமல் இது நடக்காது. சில மாதங்களில் டீசலின் பெரும்பகுதி போய்விடும், தார் போன்ற கனமான பகுதி தங்கும். பரிசோதனையில் தேறிய மண்ணைக் குப்பையின்மேல் அன்றாடம் போடும் மூடுமண்ணாக வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

சாணி? அண்ணாச்சியின் யோசனை முழுக்கத் தப்பில்லை. அதில் உரச்சத்தும் உயிருள்ள நுண்ணுயிர்களும் இருக்கின்றன. சாணி கிருமிகளை ஒழிக்கும் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். இங்கே அது உதவுவதே கிருமிகளால்தான். ஆனால் கரைத்து ஊற்றினால் காற்று அடைபடும். டீசலும் அடுத்த வீட்டுப் பக்கம் நகரும். இன்னொன்று: எண்ணெய் ஊறிய மண்ணில் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பெருகியிருக்கும். புதுப்புது பாக்டீரியா தேடுவதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, நம் மழையில், நம் களிமண்ணில் காற்றோட்டத்தை வருடம் முழுக்க அளந்து பார்க்கும் வேலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அண்ணாச்சி இப்போது அந்த மண்ணை மூடியுள்ள டிரம்களில் அள்ளிவைத்திருக்கிறார். மும்பைக்குப் பக்கத்தில் தலோஜாவில் அபாயக் கழிவுகளைக் கையாளும் இடம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறை கேட்டுவிட்டு அங்கே அனுப்பச் சொன்னேன். புதுத் தரையில் ஆயில் மாற்றும் மூலைக்கு மட்டும் விளிம்பு வைத்த இரும்புத் தட்டு அடிக்கக் கொடுத்திருக்கிறாராம்.