உதைக்கிற கால் இல்லை, நிற்கிற காலைப் பாருங்கள்

போன மாதம் பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா தன் 12 வயது மகனைத் தர்மபுரியில் நான் பிசியோதெரபி பார்க்கும் இடத்துக்குக் கூட்டி வந்தார். "டேக்வாண்டோ போறான் சார். உதைக்கிற கால் நல்லாத்தான் இருக்கு. நிக்கிற கால்லதான் முட்டி வலிக்குதுங்கறான்." டேக்வாண்டோ என்பது உதையை முக்கியமாகக் கொண்ட கொரியத் தற்காப்புக் கலை.

இடுப்பைத் திருப்பிக் காலைப் பக்கவாட்டில் வீசும் சுற்று உதையை ஒரு முறை போட்டுக் காட்டச் சொன்னேன். கால் நல்ல உயரம் போனது. ஆனால் தரையிலிருந்த பாதம் அசையவே இல்லை. இடுப்பு திரும்பி, பாதம் திரும்பாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும். குதிகாலை லேசாக எழுப்பி, முன்பாதத்தில் சுழல வேண்டும். உதை முடியும்போது குதிகால் எதிராளியைப் பார்க்க வேண்டும். அவன் பழகுவதோ சொரசொரப்பான சிமென்ட் மாடியில், வெறுங்காலில். பாதம் எப்படிச் சுழலும்?

"எந்த டேக்வாண்டோ நல்லது சார்?" என்று பெற்றோர் கேட்பார்கள். பெரிய பிரிவுகள் இரண்டு. கொரிய ராணுவத் தளபதியாக இருந்த சோய் ஹாங் ஹி தலைமையில் 1966-இல் தொடங்கிய ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) ஒன்று. 1973-இல் தொடங்கி, இன்று வேர்ல்டு டேக்வாண்டோ என்று அழைக்கப்படுவது மற்றொன்று. 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் பதக்கத்துக்கு ஆடப்படுவது இரண்டாவதுதான். அதில் உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் இன்னும் கூடுதல். முகத்தில் குத்தக் கூடாது. அதனால் பயிற்சியே கால்மயம். தொடை இடுக்குப் பிடிப்பும் புறங்கால் வீக்கமும் அங்கிருந்துதான் அதிகம் வருகின்றன. ஐ.டி.எஃப்.பில் கையுறையோடு தலையிலும் குத்தலாம். 'துல்' எனப்படும், தாக்குவதையும் தடுப்பதையும் வரிசையாகத் தனியே செய்துகாட்டும் அசைவுத் தொடர்கள் 24 உண்டு, பலகை உடைப்பதும் உண்டு. அங்கே மணிக்கட்டையும் விரல் முட்டிகளையும் கவனிக்க வேண்டும்.

இரண்டுமே நல்ல கலைதான். என் கவலையெல்லாம் சொல்லித்தரும் முறை பற்றியது. கால் விரியவில்லை என்று ஒருவர் முதுகை அழுத்த, இருவர் காலை இழுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளை அழுகிறது, "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிறார்கள். வளரும் வயதில் எலும்பு நுனியில் இருப்பது இன்னும் கெட்டிப்படாத இளங்குருத்தெலும்பு. தசை இழுக்கும்போது முதலில் நோவது அதுதான். 10 முதல் 15 வயதுக்குள் முட்டிச் சில்லுக்குக் கீழே புடைத்து, தொட்டாலே வலித்தால் பயிற்சியைக் குறையுங்கள், வந்து காட்டுங்கள். வலியோடு ஓடவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அப்புறம், போட்டிக்கு எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காதே என்று பிள்ளையிடம் சொல்லும் வகுப்பு எதுவானாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பையனுக்கு மூன்று வாரம் உதை வேண்டாம் என்றேன். அவனுடைய மாஸ்டரிடமும் போனில் பேசினேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இப்போது மாடியில் மேட் விரித்திருக்கிறார்களாம். வகுப்பில் முதல் பத்து நிமிடம் யாரும் உதைப்பதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மட்டும் சுழற்றுகிறார்கள்.