மாட்டுக்குச் சோறு ஆகாது, ஏன்?

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு புகலிடம் இருக்கிறது. பால் வற்றியதும் அவிழ்த்துவிடப்பட்ட பசுக்கள், வண்டியில் அடிபட்ட காளைகள், நாலைந்து ஆடுகள். காலையில் அங்கே முதல் வேலை சாணி அள்ளுவது இல்லை. பார்த்துக்கொள்ளும் அக்கா ஒவ்வொரு மாட்டுக்கும் இடப்பக்கமாகப் போய், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் குழியில் முஷ்டியை அழுத்திக்கொண்டு நிற்பார். என்னக்கா என்றால், "சும்மா இருங்க தம்பி, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பார்.

அவர் எண்ணுவது பெருவயிறு புரள்வதை. நன்றாக இருக்கும் மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை புரளும். நானும் கை வைத்துப் பார்த்தேன். போர்வைக்குள் பிள்ளை புரண்டு படுத்த மாதிரி, முஷ்டியை மெல்லத் தூக்கிவிட்டு இறங்கியது.

மாட்டு வயிற்றில் நாலு அறை. முதல் அறையான பெருவயிறு, பெரிய கறவை மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். வைக்கோலைக் கரைக்கும் சாறு எதுவும் மாட்டுக்குச் சொந்தமாகச் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு சொட்டுக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். இட்லி மாவு புளிப்பது போலத்தான், ஆனால் 39 டிகிரிச் சூட்டில், காற்றில்லாமல், இரவும் பகலும். நார் புளித்து வரும் அசிட்டிக் போன்ற லேசான அமிலங்களை வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். மாட்டின் தெம்பில் பெரும்பகுதி அதுதான். கூடவே வரும் மீத்தேன் ஏப்பமாக வாய்வழியே போய்விடும். (பின்பக்கமாகப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். பாவம் மாடு.)

அமிலம் சேர்ந்துகொண்டே போனால் நுண்ணுயிர்கள் தாங்காது. அதற்குத்தான் அசை போடுவது. விழுங்கியதை உருண்டை உருண்டையாக மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் ஐம்பது தடவை போல மெல்லும். இப்படியே ஒரு நாளில் ஆறேழு மணி நேரம். மெல்லும்போது ஊறும் எச்சிலில் ஆப்பச்சோடாவில் இருக்கும் அதே உப்பு இருக்கிறது. அது உள்ளே போய் அமிலத்தைத் தணிக்கும்.

சோற்றில் அசை போட என்ன இருக்கிறது? நார் கிடையாது, எச்சிலும் ஊறாது. வெந்த மாவுச்சத்து என்பதால் நுண்ணுயிர்கள் வெறிபிடித்தாற்போல் புளிக்கவைக்கும். அதிலும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கூட்டம் மட்டும் பெருகும். அசிட்டிக்கைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வீரியமான அமிலம் அது. மற்ற நுண்ணுயிர்கள் செத்துவிழும், வயிற்றுச் சுவர் வெந்துபோகும். உப்பில் போட்ட மாங்காய் தண்ணீர் விடுவது போல, ரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இறங்கும். வயிறு தளும்பும், ஆனால் மாடு தண்ணீர் வற்றிச் சாகும்.

போன தை மாதம் அப்படி ஒரு பசு வந்தது. கல்யாண மண்டபம் ஒன்றின் பின்வாசலில் மிஞ்சிய சோற்றை யாரோ மனசார அண்டாவோடு வைத்திருக்கிறார்கள். வந்தபோது கண் குழிவிழுந்து, குடிகாரன் மாதிரித் தள்ளாடியது. அக்கா முஷ்டியை வைத்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எதுவும் புரளவில்லை.

டாக்டர் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார், சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. நன்றாக இருந்த காளையின் பெருவயிற்றுக்குள் குழாய் விட்டு, நுண்ணுயிர்கள் நிறைந்த பச்சை நிறத் திரவத்தைச் சில லிட்டர் உறிஞ்சி எடுத்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுமுன் பசுவுக்குள் விட்டார். உறைக்கு மோர் ஊற்றுகிற கதைதான். செத்த குடிக்குப் பதில் புதுக் குடி.

சோறு கேரிபேக்கில் கட்டி வந்தால் இன்னும் மோசம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. மாட்டு வயிற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. பை கரையாது, கீழேயும் இறங்காது. மரத்துப்போக ஊசி போட்டு, மாட்டை நிற்கவைத்தே இடது விலாப்பக்கம் கிழித்துக் கையால் அள்ளத்தான் வேண்டும்.

பசு இரண்டு நாள் இரையெடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் முஷ்டியோடு நின்ற அக்கா, என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். வெயில் ஏறியதும் அது கழுத்தை நீட்டி, எதையோ மேலே வரவழைத்து, மெல்லத் தொடங்கியது.