ஒரே கம்பெனி, ஒரே பைப், இரண்டு ரேட்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் பைப், மோட்டார் கடை வைத்திருப்பவரும் பொள்ளாச்சியில் வைத்திருப்பவரும் ஒரே கம்பெனியிடம் சரக்கு எடுக்கிறார்கள். இன்வாய்ஸில் ரேட் ஒன்றுதான். மாதக் கடைசியில் தள்ளுபடியைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்டில்தான் வித்தியாசம் தெரியும். சித்தூர் தாலுகா வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: "இது சட்டப்படி தப்பில்லையா சார்?"

ரேட் வேறுபட்டாலே தப்பு என்றில்லை. போட்டிச் சட்டம், 2002-இன் 4-ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் பாரபட்சமாக விலை வைப்பதைத்தான் தடுக்கிறது. நான்கைந்து பெரிய கம்பெனிகள் முட்டிமோதும் சந்தையில் இந்தப் பிரிவு பெரும்பாலும் கைகொடுக்காது. ஆதிக்கம் இருந்தாலும், போட்டியாளரைச் சமாளிக்கவே விலையைக் குறைத்தோம் என்று காட்டினால் விலக்கு உண்டு.

ஊசி மருந்து அடைக்கும் ஆம்பூல் குப்பிக்கான கண்ணாடிக் குழாயை அதிகம் வாங்கியவர்களுக்குக் கூடுதல் தள்ளுபடி கொடுத்ததற்காக ஷாட் கிளாஸ் நிறுவனத்துக்கு, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் 2012-இல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிசெய்தது. ஒரே அளவுகோல் எல்லோருக்கும் திறந்திருந்தால் அளவுத் தள்ளுபடி பாரபட்சம் ஆகாது, போட்டிக்கு நிஜமாகவே கேடு வந்ததா என்றும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அதனால் முதலில் கம்பெனியின் தள்ளுபடி விதிகள் உள்ள ஸ்கீம் சர்க்குலரைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. எத்தனை லட்சத்துக்கு எத்தனை சதவீதம், எத்தனை நாள் கடன், லாரி வாடகை யார் தலையில் என்று வரிவரியாகப் பாருங்கள். ரொக்கத்துக்கு எடுப்பவரையும் இரண்டு மாதக் கடனுக்கு எடுப்பவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்காது. "கேரளாவில் வரி அதிகம்" என்று சேல்ஸ்மேன் சொன்னால் நம்பாதீர்கள். பைப்புக்கு ஜிஎஸ்டி விகிதம் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கோபத்தில் கடைக்காரர்கள் கூடி, "இந்த ரேட்டுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது" என்று பேசி முடிப்பதுதான் அது. தயவுசெய்து வேண்டாம். இப்படிக் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் 3-ஆவது பிரிவுக்கு ஆதிக்கம் தேவையில்லை. சின்னக் கடைகளும் சிக்கும். மருந்து கம்பெனி புது ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விநியோகஸ்தர்) போடச் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற வழக்கத்துக்காக, கேரள மருந்து வியாபாரிகள் சங்கத்தின் மீதே ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது.

நியாயமான புகார் இருந்தால் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்குத் தகவல் தரலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 3 ஆண்டுக் கெடு வந்துவிட்டது. கிரெடிட் நோட்டுகளை இன்றிலிருந்தே தனி ஃபைலில் போடுங்கள்.