பெற்றோர் குழுவும் தலைமையாசிரியரும்: காவல் நிலையம் வரை போகத் தேவையில்லாத சண்டைகள்

பள்ளிச் சண்டைகளைப் பேசித் தீர்த்துவைக்கிற சமரசர் நான். போன வாரமும் ஒன்று வந்தது. காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் வாங்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டினார்கள். நல்ல காரியம். பணம் வந்து சேர்ந்தது ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு. தலைமையாசிரியை கணக்குக் கேட்டார். "எங்களைத் திருடங்கிறாங்களா பெரிய டீச்சர்?" என்று அன்று சாயங்காலமே வாட்ஸ்ஆப்பில் குரல்பதிவு ஓடியது. மறுநாள் பள்ளிக் கேட்டுக்குப் பூட்டு. அதற்கும் மறுநாள் பெற்றோர் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு அனுப்ப, தலைமையாசிரியை காவல் நிலையத்தில் புகார் கொடுக்க, என்னிடம் வரும்போது மோட்டார் ஒருவர் வீட்டு முகப்பில் பிரிக்காத பெட்டியாகக் கிடந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சமரச அறையில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்தச் சண்டைகளின் உடம்பு ஒன்றுதான். அதனால் ஒரு தடவை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெற்றோர் என்னிடம் முதலில் சொல்கிற வாக்கியம் இது: "நாங்க கமிட்டி சார். எங்க பேச்சைக் கேட்கணும்னு சட்டமே இருக்கு." எந்தக் கமிட்டி என்று கேட்டால் பதில் வராது. தயவுசெய்து இதை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று. அது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் பிறந்தது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதன் தலைவர் ஒரு பெற்றோர். 2024-இல் மறுகட்டமைப்புச் செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசு மானியம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது இதன் வேலை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறொன்று. கல்வி உரிமைச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே அது இருக்கிறது, அதற்குத் தனி விதிகள், தனிக் கணக்கு. மூன்றாவது, நீங்களாகச் சேர்ந்து நடத்துகிற பெற்றோர் தன்னார்வக் குழு. மரம் நடுகிறீர்கள், சுவருக்கு வர்ணம் அடிக்கிறீர்கள், விளையாட்டு விழாவுக்கு மோர் கொடுக்கிறீர்கள். அது பெரிய உதவி, நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் குழுவுக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. வாட்ஸ்ஆப்பில் அட்மின் ஆகிவிட்டதால் யாரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் ஆகிவிட முடியாது.

மேலாண்மைக் குழுத் தலைவராகவே இருந்தாலும் தலைமையாசிரியருக்கு மேலதிகாரி ஆக மாட்டார். எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்குப் போக வேண்டும், யாருக்கு விடுப்பு, வினாத்தாள் எப்படி என்பதெல்லாம் குழுவின் வேலைக்குள் வராது. வகுப்பு நடக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஆசிரியரை வீடியோ எடுப்பது கண்காணிப்பு ஆகாது. அந்த வீடியோவில் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் முகமும் இருக்கிறது.

இன்னொன்று, நம் வட்டாரத்துக்கு மிகவும் முக்கியமானது. செட்டிநாட்டுப் பள்ளிகள் பல, நகரத்தார் அறக்கட்டளைகள் எழுப்பிய உதவிபெறும் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தத்தின்படி உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்த 21-ஆம் பிரிவே பொருந்தாது. அங்கே கட்டணப் பிரச்சினை என்றால் அதற்கு 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, அங்கே போங்கள். பள்ளி முதல்வரின் அறைக்கு முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டுப் பயன் இல்லை. எந்த வகைப் பள்ளி என்று தெரியாமல் எழுதிய மனுக்களை நான் வாரந்தோறும் திருத்திக் கொடுக்கிறேன்.

நன்கொடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கிய மண் இது. கொடுப்பது இங்கே புதிதில்லை. கொடுத்ததற்குக் கணக்கு எழுதுவதும் புதிதில்லை. மகமைக்கு, அதாவது வியாபாரத்தில் தருமத்துக்கென்று ஒதுக்குகிற பங்குக்கு, பேரேடு வைத்த ஊர்கள் இவை. கோயில் திருப்பணிக்கு எழுதியவர் யாரும் கருவறைக்குள் போய்த் தானே பூசை செய்கிறேன் என்பதில்லை. பள்ளிக்குப் பத்து மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர், தன் மகனை முதல் பெஞ்சில் உட்கார வை என்று தலைமையாசிரியரிடம் சொல்லக் கூடாது. அதே மாதிரி, கணக்குக் கேட்டால் அது அவமானம் ஆகாது. யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் வரக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு வரட்டும், ரசீது போடுங்கள், வாங்கிய பொருளைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அரசுப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் கொடுக்கலாம். அந்த மோட்டார் விஷயம் நேர்வழியில் நடந்திருந்தால் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும்.

தலைமையாசிரியர்களே, உங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. கூட்டமே நடத்தாமல் பதிவேட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். வயலுக்கோ கடைக்கோ கிளம்புகிற நேரத்தில் அந்த அம்மா எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது. மூன்று மாதம் கழித்துத் தெரியவரும்போது வருகிற கோபத்தை உங்களால் தாங்க முடியாது. கேள்வி கேட்ட பெற்றோரின் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தி "உங்கப்பா பெரிய ஆளு இல்ல?" என்று ஒரு ஆசிரியர் கேட்டாலும் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்தப் பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளும். எங்கள் அறைக்கு வருகிற கோப்புகளில் இது அடிக்கடி இருக்கிறது. அதன் பிறகு பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உதவிபெறும் பள்ளிகளில் இன்னொரு சிக்கல். தாளாளர் சென்னையில் இருப்பார், சில இடங்களில் கடல் தாண்டி இருப்பார். தலைமையாசிரியர் சொந்தமாக முடிவெடுக்க முடியாது, அதைப் பெற்றோரிடம் சொல்லவும் கூச்சப்படுவார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். அந்தப் "பார்க்கலாம்"தான் பெற்றோருக்கு ஆணவமாகக் கேட்கிறது. "இது என் கையில் இல்லை, தாளாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதினைந்து நாளில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன தேதியில் பதில் வராவிட்டாலும் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லுங்கள். இவ்வளவு செய்தாலே பலர் என் அலுவலகப் படி ஏற மாட்டார்கள்.

சண்டை வந்தேவிட்டால்?

குரல்பதிவு போடாதீர்கள். எழுத்தில் ஒரு பக்கம், என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று தலைமையாசிரியருக்குக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கோபத்தில் பேசிய ஒரு நிமிடக் குரல்பதிவை வைத்து அவதூறு வழக்குப் போடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேச உட்காரும்போது தலைமையாசிரியர் அறையில் உட்காராதீர்கள். அவர் மேசைக்குப் பின்னால், இவர்கள் நின்றுகொண்டு; அங்கேயே பேச்சு கெட்டுப்போகும். நூலகத்திலோ காலி வகுப்பறையிலோ ஒரே மாதிரி நாற்காலி போடுங்கள். நான் முதலில் இருவரையும் தனித்தனியாகத்தான் பார்ப்பேன். எல்லோரும் பார்க்க ஒருவர் "தப்புதான்" என்று சொல்லவே மாட்டார், தனியாக அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார். கவுன்சிலரையும் கட்சிக்காரரையும் கூட்டி வராதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வந்தால் இருபக்கமும் இறங்கி வர வழி இருக்காது. உள்ளூரில் நம்புகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆச்சியோ இருந்தால் அவர்களே போதும்.

அங்கே முடியவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். குழந்தையின் கல்வி உரிமை சார்ந்த புகார் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வழக்குப் போடும் முன்பே பேசித் தீர்க்க நீதிமன்றத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், அதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன, உங்கள் பள்ளி எதில் வருகிறது என்று பார்த்துப் போங்கள்.

ஒன்றை மட்டும் பேசித் தீர்க்க வராதீர்கள். பிள்ளை மீது பாலியல் சீண்டல் என்று சந்தேகம் இருந்தால் சமரசம் கிடையாது, ஊர்ப் பேச்சும் கிடையாது. போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எல்லோரும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று மறைக்கிற தலைமையாசிரியரும், குடும்ப மானம் என்று மறைக்கிற பெற்றோரும் அந்தப் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே கூப்பிடுங்கள். பிள்ளையை அடித்திருந்தாலும் அதைக் கைகுலுக்கி முடித்துவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது.

கடைசியாக, பேசி முடித்ததை எழுதுங்கள். பெற்றோர் எந்த நாள், எந்த நேரம் உள்ளே வரலாம், பணம் எந்தக் கணக்குக்கு, வாட்ஸ்ஆப் குழுவில் எதைப் போடக் கூடாது, பங்குனித் திருவிழாவுக்கு மைதானம் கேட்டால் பொதுத்தேர்வு நாட்களில் என்ன செய்வது, எல்லாம் ஒரே பக்கத்தில். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைத் தீர்மானப் பதிவேட்டிலேயே ஒட்டிவையுங்கள். தலைமையாசிரியருக்கு மாறுதல் வரும், குழுவும் மாறும். புதிதாக வருகிறவர் பொறுப்பேற்கிற அன்றே அந்தப் பக்கத்தைக் காட்டி, அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.