புழுப் பெட்டி நிரம்புகிறது, பல்லியின் தாடை வளைகிறது

செல்லப் பல்லிகளுக்குத் தீனியாக வீட்டில் மாவுப்புழு, அதாவது மாவு வண்டின் இளம்புழு, வளர்ப்பவர்கள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். உங்கள் புழுப் பெட்டி செழித்துக் கிடக்கிறது என்று கேட்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. அதைத் தின்னும் பிராணியை நினைத்துக் கவலைதான் வருகிறது.

பிராணி மருத்துவரான என்னிடம் இந்த வாரமும் ஒன்று வந்தது. எட்டு மாத பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லி. கீழ்த்தாடையின் ஓரத்தை விரல் நுனியால் லேசாக அழுத்தினேன். எலும்பு இருக்க வேண்டிய இடம் உள்வாங்கி, விரலை எடுத்ததும் மெல்ல மீண்டது. ரப்பர் தாடை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பின்னந்தொடைகள் இரண்டும் பருத்து உருண்டிருந்தன. ‘நன்றாகத் தேறியிருக்கிறான்’ என்று உரிமையாளர் பூரித்துப்போன தொடைகள் அவை. அது சதை இல்லை. கால்சியம் உறிஞ்சப்பட்டு வலுவிழந்த எலும்பைத் தாங்க உடல் அவசரமாகக் கட்டிய நார்த்திசு. முன்கால் விரல்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. என்ன தீனி என்று கேட்டதும் செல்பேசியை எடுத்துப் படம் காட்டத் தொடங்கினார். மேல் இழுப்பறையில் வண்டுகள், நடுவில் கூட்டுப்புழுக்கள், கீழே வயது வாரியாகப் பிரித்த புழுக்கள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு. அருமையான பண்ணை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிராணி மாதக்கணக்கில் அதைத் தவிர வேறெதையும் தின்றதில்லை, அவ்வளவுதான்.

வழக்கமாக நடப்பது இதுதான். கடையில் தீனி வாங்கும் காலத்தில் ஒரு வாரம் சுவர்க்கோழி கிடைக்கும், ஒரு வாரம் கரப்பான் கிடைக்கும், ஒன்றும் கிடைக்காத வாரத்தில் கீரையை நறுக்கி வைப்பார்கள். அந்தத் தட்டுப்பாடே பிராணிக்குப் பலவகை உணவைக் கொடுத்துவிடும். புழு வளர்ப்பு கைவந்ததும் கடைக்குப் போவது நிற்கிறது. ஒரு பெண் வண்டு சில நூறு முட்டைகள் இடும். ஆறு மாதத்தில் புழு வீடு கொள்ளாமல் பெருகுகிறது. பெருகியதைத் தீர்க்க வேண்டுமே என்று மேலும் கொட்டுகிறார்கள். பியர்டட் டிராகன் கீரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பிறகு என்னிடம் புகார் வேறு. கிண்ணம் நிறையக் கொழுப்பு நெளியும்போது அது ஏன் கீரையைப் பார்க்கப்போகிறது?

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டும் வாதத்துக்கு வருகிறேன். ‘வீட்டிலேயே சுத்தமான கோதுமைத் தவிடு போட்டு வளர்த்த புழு டாக்டர், கடைப் புழுவைவிடச் சத்தானது. அதற்கு எதற்குக் கால்சியம் பொடி?’ இதைக் கேட்காத மாதம் இல்லை. சொல்பவர்கள் படித்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். அதனால்தான் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

புழுவுக்கு எலும்பு இல்லை. அதன் மேலோடு கைட்டின் என்ற உறுதியான பொருளும் புரதமும் சேர்ந்தது. நண்டின் ஓட்டில் இருப்பதுபோலச் சுண்ணாம்பு அதில் படிவதில்லை. ஆகவே நீங்கள் எவ்வளவு அன்பாக வளர்த்தாலும், எவ்வளவு சுத்தமாக வைத்தாலும், புழுவின் உடலில் கால்சியம் சேர்வதற்கு இடமே இல்லை. ஒரு கிலோ உயிருள்ள மாவுப்புழுவில் பாஸ்பரஸ் 2,850 மில்லிகிராம் அளவில் இருக்கும்; கால்சியம் ஏறத்தாழ 170 மில்லிகிராம்தான். ஒன்றுக்குப் பதினேழு. பிராணிக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர்: பாஸ்பரஸுக்குச் சமமாக, முடிந்தால் இரு மடங்காகக் கால்சியம். சரி, தவிடு? தவிட்டில் பாஸ்பரஸ் மண்டிக்கிடக்கிறது, கால்சியம் பெயருக்குத்தான். புழுவின் குடல் நிறையத் தவிடு இருந்தால் ஏற்கெனவே கோணலான கணக்கு இன்னும் கோணலாகிறது. கொழுத்த புழு என்றால் கொழுப்பு அதிகமான புழு என்று பொருள், வேறொன்றும் இல்லை. சுத்தம் வேறு, சத்து வேறு. உங்கள் பெட்டி சுத்தமாக இருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் உங்கள் பிராணியின் எலும்புக்கு அதனால் ஒரு துளி கால்சியமும் கூடுவதில்லை.

அப்படியானால் வழி என்ன? புழுவை ஒரு பை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பையின் துணியில் சத்தில்லை. உள்ளே என்ன அடைத்தீர்களோ அதுதான் பிராணிக்குப் போய்ச் சேரும். தீனியாகக் கொடுக்கப்போகும் புழுக்களை மட்டும் தனியே எடுத்து, 8 சதவீதத்துக்குக் குறையாமல் கால்சியம் உள்ள தீவனத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். இதற்கென்றே தயாரித்த தீவனங்கள் விற்கின்றன. உறையில் கால்சியம் எத்தனை சதவீதம் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பிராணிக்குக் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கேரட் துண்டைப் போட்டுவிட்டு ‘குடல் நிரப்பிவிட்டேன்’ என்று சொல்லாதீர்கள். கேரட் புழுவுக்கு ஈரம் தரும், அவ்வளவுதான். இதே தீவனத்தை இனப்பெருக்கப் பெட்டியில் நிரந்தரமாகப் போட்டுவிடவும் கூடாது. அத்தனை கால்சியத்தைப் பூச்சிகள் நீண்ட நாள் தாங்குவதில்லை, செத்துப்போகும்.

அதன்பிறகும் பொடி தூவித்தான் கொடுக்க வேண்டும். மாவுப்புழுவின் உடல் வழவழப்பானது. பொடி அதில் நிற்காது. காலையில் தூவி வைத்த கிண்ணத்தை மாலையில் பாருங்கள்: அடியில் வெள்ளையாகப் பொடி, மேலே பளபளவென்று புழு. ஆகவே தூவிய உடனே, பிராணி பசியோடு இருக்கும் நேரத்தில், சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். கால்சியத்தை உடல் உறிஞ்ச உதவும் வைட்டமின் டி3 கலந்த பொடியை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு அள்ளிக் கொட்டாதீர்கள். அது மிகுந்தாலும் ஆபத்து. சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பு படியும்.

அந்த டி3-ஐப் பல்லியின் தோலே தயாரிக்க உதவும் புற ஊதா பி விளக்கு பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன். ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் கணக்கில் வராது. ‘விளக்குதான் எரிகிறதே’ என்பதும் கணக்கில் வராது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருக்கும், வேண்டிய கதிர் எப்போதோ தீர்ந்திருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் கெடு முடிந்ததும் மாற்றுங்கள். லெப்பர்ட் கெக்கோ அந்தியில் நடமாடும் பல்லி, அதற்கு வேண்டாம் என்பவர்களுக்கு: மெல்லிய அளவில் அதற்கும் கொடுத்தால் நல்லதுதான்.

லெப்பர்ட் கெக்கோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மாவுப்புழுவில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கொழுப்பு. சுவர்க்கோழியில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. வால் தடித்திருப்பது அழகு என்று பார்த்துப் பார்த்து ஊட்டுகிறீர்கள். முன்காலின் அக்குளில் மெத்தென்று ஒரு புடைப்பு தெரிகிறதா? வால் கழுத்தைவிட மிகப் பருத்துவிட்டதா? புழுவைக் குறையுங்கள். கொழுத்த பிராணி திடீரென்று தின்பதை நிறுத்தினால் கல்லீரல்தான் முதலில் பழுதாகும்.

தலையை நசுக்கிவிட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. விழுங்கிய புழு வயிற்றைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வருமாம். பல்லி இரையைக் கடித்து நசுக்கித்தான் விழுங்குகிறது; உள்ளே காற்றும் இல்லை, அமிலமோ ஏராளம். செத்த பிராணியின் மேல் புழு ஊர்வதைக் கண்ட யாரோ கட்டிவிட்ட கதை இது. தலை நசுக்கச் செலவிடும் நேரத்தில் பொடி தூவலாம்.

ஓடு செரிக்காமல் குடல் அடைத்துக்கொண்டது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வெப்பமானி இருக்கிறதா என்றுதான். பெரும்பாலும் இருக்காது. குளிர் காயும் இடம் பியர்டட் டிராகனுக்கு 40 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக இல்லாவிட்டால் எதைத் தின்றாலும் செரிக்காது. குடிக்கத் தண்ணீரும் குறைந்தால் அடைக்கத்தான் செய்யும். பழியைப் புழுவின் மேல் போட வேண்டாம்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வளர்க்கும் கலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 25 முதல் 28 டிகிரி, உலர்ந்த தவிடு, வண்டுகள் முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்றுவிடாதபடி தனித்தனி அறை, எல்லாம் சரி. ஆனால் சிலவற்றைப் பார்த்தும் பாராமல் விடுகிறீர்கள். தவிட்டின் மேல் மண்நிறத் தூள் படர்ந்து, உற்றுப் பார்த்தால் அந்தத் தூள் நகர்கிறது என்றால் அது தானியச் சிற்றுண்ணி. ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அந்தத் தவிட்டை மேலோட்டமாகக் கிளறிவிட்டு மூடாதீர்கள், வெளியேற்றுங்கள். பூசணம் பிடித்த உருளைக்கிழங்குத் துண்டும் அப்படியே. எலி நடமாடும் இடத்தில் தவிட்டு மூட்டையை வைக்கவே வைக்காதீர்கள். எலியின் நாடாப்புழு மாவு வண்டின் உடலில்தான் வளர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போகிறது. பூச்சிமருந்து பட்ட தானியம், மருந்து கலந்த கோழித்தீவனம் இரண்டும் வேண்டாம்.

‘வீட்டுப் பெட்டியில் நோய் எங்கிருந்து வரும்’ என்று கேட்பவர்களுக்காக: 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மத்திய ஐரோப்பாவில் வீட்டுப் பண்ணைகளும் செல்லப்பிராணிக் கடைகளுமாக 300 பூச்சி வளர்ப்பிடங்களைச் சோதித்தார்கள். 244 இடங்களில் ஒட்டுண்ணிகள் இருந்தன. அவற்றில் பல பூச்சிகளுக்கு மட்டுமே தொல்லை தருபவை என்றாலும், எல்லாமே அப்படி இல்லை. வருடம் ஒருமுறை பிராணியின் எச்சத்தைக் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது வீண் செலவுக்கு அல்ல.

இன்னொரு புதுக் கூத்து, புழுவுக்குத் தெர்மகோலைத் தீனியாகப் போடுவது. மாவுப்புழு அதைத் தின்று உயிர்வாழும் என்று 2015-இல் ஆய்வு வந்தது உண்மை. குப்பைப் பிரச்சினைக்கு வழி தேடியவர்கள் செய்த ஆய்வு அது. உங்கள் கெக்கோவுக்குத் தீனி தேடியவர்கள் செய்தது அல்ல. தெர்மகோல் பெட்டியில் புழு வளர்க்காதீர்கள், கடித்துத் தின்னும்.

புழு சலிப்பவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எச்சமும் உரித்த தோலும் சேர்ந்த அந்த நுண்தூள் சிலருக்குத் தும்மலில் தொடங்கி ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டிலும் ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், படுக்கையறைக்கு வெளியே சலியுங்கள். கையைக் கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் அல்ல.

மாவுப்புழுவை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் சில வேளை மட்டும் கொடுங்கள். மற்ற வேளைகளில் சுவர்க்கோழி, டூபியா கரப்பான், கருப்புப் படைவீரன் ஈயின் புழு என்று மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னதில் மட்டும்தான் இயல்பாகவே கால்சியம் நிறைய உண்டு. மற்றவற்றுக்கும் பொடி கட்டாயம். பெருகிய புழு வீணாகிறதே என்றால் யாருக்காவது கொடுங்கள், கோழிக்குப் போடுங்கள். இனப்பெருக்கப் பெட்டியைச் சின்னதாக்குங்கள். உங்கள் பிராணியின் வயிறு உபரியைக் கொட்டும் இடம் அல்ல.

நடக்கும்போது வயிறு தரையில் உரசுகிறதா, விரல்கள் துடிக்கின்றனவா, கடிக்கும்போது குறி தவறுகிறதா, வாய் முழுதாக மூடவில்லையா? ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்ற அறிக்கையைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்தாதீர்கள். எலும்பைக் கரைத்துத்தான் ரத்தம் அந்த அளவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். தாமதமாக வந்தாலும் உயிரைக் காப்பாற்றலாம், தாடையும் ஓரளவு இறுகும். வளைந்த முதுகும் காலும் நிமிராது. தயவுசெய்து முதல் அறிகுறியிலேயே வாருங்கள். இணையத்தில் படித்துவிட்டுக் கால்சியம் திரவத்தை வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள். மென்மையான தாடையைத் திறக்கும்போதே உடைத்துவிடுவீர்கள், நுரையீரலில் போனால் இன்னும் மோசம். துடிக்கும் காலைத் தூக்கிப் பிடித்துக் காணொளி எடுப்பதும் வேண்டாம். கிளை, கல் எதுவும் இல்லாத சின்னப் பெட்டியில் துண்டு விரித்து, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி வைத்து, கதகதப்பாகக் கொண்டு வாருங்கள். நீங்கள் போடும் பொடியின் டப்பாவையும் விளக்கு வாங்கிய ரசீதையும் கூடவே எடுத்து வாருங்கள்.